பிள்ளைக் காம்பராவில் இருந்த கடைசித் துண்டு

போன மாதம் சமையலறையில் கேரட் சீவிக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் கிடந்த போன் தானாக அணைந்தது, தானாக எரிந்தது, புதுப்பித்தாயிற்று என்று ஒரு வரி காட்டிவிட்டுச் சும்மா கிடந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. எந்த ஜீப்பும் சேற்றில் மாட்டவில்லை. இப்படி நோகாமல் நடக்கிறதே வேலை என்று எனக்கு வயிறு எரிந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

அதே வாரத்தில் பழைய ஆபீஸிலிருந்து பிரியா கூப்பிட்டாள். நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள்.

"மேடம், புதுசா சேந்திருக்கற பசங்க கேக்கறாங்க. அந்தக் காலத்துல எஸ்டேட்டுக்கெல்லாம் சாப்ட்வேர் எப்படிங்க அனுப்புனீங்க? இப்ப ஒரே கிளிக்குதானுங்களே."

அந்தக் காலமாம்! நான் ஓய்வு பெற்று இரண்டு தீபாவளிதான் முடிந்திருக்கிறது. "எழுதியே தர்றேன், படிச்சுக்கச் சொல்லு" என்று போனை வைத்தேன். நேரில் போய்ச் சொன்னால் குறுக்கே பேசுவார்கள். எழுதிக் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டு படித்துத்தானே ஆக வேண்டும்.

எங்கள் தேயிலைக் கம்பெனிக்குத் தலைமை ஆபீஸ் குன்னூரில். எஸ்டேட்டுகள் கோத்தகிரிப் பக்கம் சில, கூடலூர் தாண்டித் தேவாலாப் பக்கம் சில. பெரும்பாலானவற்றில் ஆபீஸ், பேக்டரி, ஆஸ்பத்திரி என்று கம்ப்யூட்டர்கள் உண்டு. பறித்த கொழுந்தின் எடை, ஆள் வருகை, பேக்டரியில் எப்போது என்ன நடந்தது, எல்லாம் எங்கள் சாப்ட்வேரில்தான் ஏறும். அதில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் மலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு மெஷின் விடாமல் போய்ச் சேர வேண்டும். சேர வைப்பதுதான் என் வேலை. நான் ஜெகதளாவில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள். கோயமுத்தூரில் கொஞ்சம் படித்தேன், குன்னூரில் நிறையத் திட்டு வாங்கினேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

திட்டியவர் ஜோகி சார், எங்கள் நிர்வாக மேனேஜர். படுகர், எங்கள் ஜெகதளாவுக்குப் பக்கத்து ஹட்டிக்காரர், ஹட்டி என்றால் படுகர் ஊர். கோட்டுக்குள் கையில்லாத ஸ்வெட்டர், கையைப் பின்னால் கட்டிக்கொண்ட நடை. ஆபீஸில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஜன்னலை மறைத்து நின்றுகொண்டுதான் பேசுவார், அதனால் என் மேஜைக்கு வெளிச்சமே வராது. கம்ப்யூட்டரை அவர் தொட்டதில்லை. ஆனால் அதற்கும் அவர்தான் அதிகாரி.

வயதின் பாதியைப் பேக்டரி கேட்டில் சரக்கை எண்ணி வெளியே விட்டுக் கழித்தவர் அவர். கேட் பாஸ் இல்லாமல் ஒரு சாக்குத் தேயிலை நகராது. ஆகவே சாப்ட்வேருக்கும் கேட் பாஸ் போடச் சொன்னார். போட்டேன். 'சாப்ட்வேர், ஒன்று, எடை இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன், சாமி சத்தியமாக. முதல் தடவை டெலிபோன் லைன் வழியாக அனுப்பியபோது வந்து ஜன்னலை மறைத்தார்.

"அனுப்பிட்டீங்களாம்மா?"

"அனுப்பிட்டேன் சார்."

"எங்க, காட்டுங்க."

திரையில் காட்டினேன். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இங்கயே இருக்குதேம்மா!"

"இருக்குமுங்க சார். அங்கயும் போயிருச்சு, இங்கயும் இருக்குது."

"அனுப்புன சரக்கு குடோன்லயே இருந்தா அதுக்குப் பேரு வேறம்மா" என்றார். அவருக்கு இது புரிய ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அவரிடம் இன்னொரு சட்டம் உண்டு. எது கேட்டாலும் பதில் இரண்டே வகைதான். வந்துருச்சு, இல்லை வரலை. "வரும் சார்" என்று தப்பித்தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. "வரும்ங்கறது பதில் இல்லம்மா. பஸ்ஸுக்கு நிக்கறவன் சொல்றது அது" என்பார். எத்தனையோ பேர் அவர் முன்னால் நின்று 'வரு' என்று ஆரம்பித்து இருமலில் முடித்திருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆதியில் பிளாப்பியில் ஏற்றிக் கொழுந்து லாரியில் கொடுத்தனுப்பினோம். டிரைவர் பத்திரமாக இருக்கட்டுமென்று அதன் மேலேயே உட்கார்ந்து போவார். பிறகு டெலிபோன் லைன். பாதி போய்க்கொண்டிருக்கும்போது எஸ்டேட்டில் யாராவது ரிசீவரை எடுத்து "ஹலோ" என்பார்கள், அவ்வளவுதான், முதலிலிருந்து அனுப்ப வேண்டும். பிறகு நிரந்தர லைன் வந்தது. அதில் வேறு கூத்து. எஸ்டேட்டில் காலையில் ஆள் எடுக்கும் பெரட்டு முடிந்த கையோடு எல்லா ஆபீஸிலும் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டரைப் போடுவார்கள். எல்லா மெஷினும் ஒன்றாகக் குன்னூரைப் பார்த்து "கொடு, கொடு" என்று கேட்கும். ஒல்லியான லைன், இத்தனை வாய். யாருக்கும் எதுவும் போகாது.

நடுவில் பென் டிரைவ் வந்து நிம்மதி கொடுத்தது. ஒரே ஒரு பென் டிரைவ் வைரஸோடு எல்லா எஸ்டேட்டையும் சுற்றி வந்ததும் அந்த நிம்மதியும் போயிற்று. ஜோகி சார் உத்தரவு போட்டார். பைப் ஒழுகினால் வைத்து அடைக்கிற கெட்டிப் பசை இருக்கிறதல்லவா, அதை வாங்கி எல்லா மெஷினிலும் பென் டிரைவ் செருகும் வாயை அடைக்கச் சொன்னார். அடைத்தோம். காய்ந்தால் சுத்தியலால்கூட எடுக்க முடியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் நான் முறையை மாற்றினேன். சாப்ட்வேரைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டுவது. எந்தத் துண்டில் மாற்றம் உண்டோ அதை மட்டும் அனுப்புவது. அதையும் ஒவ்வொரு மெஷினுக்கும் குன்னூரிலிருந்து அனுப்பாமல், ஒரு பள்ளத்தாக்குக்கு ஒரே தடவை, ஒரு மெஷினுக்கு மட்டும் அனுப்புவது. மற்ற மெஷின்கள் பக்கத்து மெஷினிடம் வாங்கிக்கொள்ளும். வாங்கியதும் அதுவும் அடுத்ததற்குக் கொடுக்கும். பகலில் வேலை கெடக்கூடாது என்று பெரும்பாலும் சாயங்காலத்துக்கு மேல் இது தானாக நடக்கும். லைன் நடுவில் அறுந்தாலும் கவலையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கண்டவரிடம் வாங்கினால் கெட்டுப்போன துண்டு வந்துவிடாதா என்று கேட்பீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. துண்டுக்குள் இருப்பதை வைத்துக் கணக்குப் போட்டு வரும் எண் அது. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். அந்த எண்களை மட்டும் குன்னூரிலிருந்து முதலிலேயே எல்லாருக்கும் அனுப்பிவிடுவேன். துண்டு யாரிடமிருந்து வந்தால் என்ன, எண் பொருந்தினால் எடுத்துக்கொள், பொருந்தாவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கேள். கொடுத்தவன் முகத்தைப் பார்க்கவே தேவையில்லை.

மெஷின்களுக்கு இது உடனே புரிந்தது. மனிதர்களிடம்தான் மாட்டிக்கொண்டேன்.

தேவாலாப் பக்கம் எங்களுக்கு எதிரெதிரே இரண்டு எஸ்டேட்டுகள், பாறைக்காடும் நீரோடையும். நடுவில் ஒரு பள்ளம், இரண்டு மேட்டிலும் ஒன்றையொன்று பார்த்தபடி ஆன்டெனா. குன்னூர் லைன் வந்து இறங்குவது பாறைக்காட்டில். அங்கே இருந்தது பேக்டரி ஆபீஸில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதனால் அதுதான் முதலில் வாங்கும். அதனிடமிருந்து நீரோடை வாங்கும்.

பாறைக்காட்டின் டீ மேக்கர் வர்கீஸ் சார், மலையாளம் கலந்து பேசுவார். பேக்டரியில் தேயிலை தயாராவதற்கு முழுப் பொறுப்பு டீ மேக்கருடையது. நீரோடையின் டீ மேக்கர் முத்துலிங்கம் சார், சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். குழந்தைகள் காப்பகத்தை இன்றைக்கும் பிள்ளைக் காம்பரா என்றுதான் சொல்வார். இரண்டு பேருக்கும் ஆகாது. ஏலத்தில் யார் தேயிலைக்குப் பெயர் என்பதுதான் சண்டை.

அரைத்த இலையை எவ்வளவு நேரம் புளிக்க விடுவது என்பதில்தான் டீ மேக்கரின் கைவண்ணம் இருக்கிறது. மழை நாளுக்கு ஒரு நேரம், வெயில் நாளுக்கு ஒரு நேரம். வேலையாட்கள் பார்ப்பதற்காக அதை ஒரு கரும்பலகையில் எழுதி வைப்பார்கள். முத்துலிங்கம் சார் வருகிறார் என்று தெரிந்தால் வர்கீஸ் சார் பலகையை அழித்துவிட்டுப் பொய் நேரம் எழுதுவார். வர்கீஸ் சார் போனால் அங்கேயும் அதேதான். ஒருவர் பேக்டரிக்கு ஒருவர் போய், டீ குடித்து, பொய் நேரத்தைப் பார்த்துவிட்டு வந்து, "என்னை ஏமாத்தப் பாக்கறான்" என்று சிரிப்பார்கள். ஆண்டாண்டாக இதுதான் வழக்கம்.

இப்படியிருக்கும்போது எங்கள் டைரக்டருக்கு யாரோ மந்திரம் ஓதினார்கள். பெங்களூரில் ஒரு கம்பெனி இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும், உங்களுக்கு எதற்கு ஒரு செக்ஷன் என்று. டைரக்டர் ஜோகி சாரைக் கூப்பிட்டார். புது சாப்ட்வேர் திங்கட்கிழமைப் பெரட்டுக்கு எல்லா எஸ்டேட்டிலும் ஓட வேண்டும். பெங்களூர்க்காரர்களோடு தேவாலாப் பக்கம் தானே வந்து பார்ப்பார். ஓடவில்லையென்றால் செக்ஷனை மூடிவிடலாம், விஜயாவை, அதாவது என்னை, ஸ்டோருக்கு அனுப்பிவிடலாம்.

ஸ்டோர் என்றால் என்னவென்று தெரியுமா? சாக்கு எண்ண வேண்டும். மண்வெட்டி எண்ண வேண்டும். தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்க வேண்டும். எண்ணுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். இந்த வேலையை நான் ஆசைப்பட்டுச் செய்தேன். அன்று வீட்டுக்குப் போய் ரசத்தில் உப்பைப் போட மறந்தேன், அப்புறம் இரண்டு தடவை போட்டேன்.

கோத்தகிரிப் பக்கம் மளமளவென்று போய்ச் சேர்ந்தது. நீரோடை மட்டும் முக்காலில் நின்றது. வியாழனும் முக்கால், வெள்ளியும் முக்கால். பாறைக்காட்டுக்குப் போன் போட்டேன்.

"வர்கீஸ் சார், உங்க மெஷின்ல நெட்வொர்க் கேபிள் இருக்குதுங்களா?"

"உண்டு மேடம்."

"சொருகியிருக்குதுங்களா?"

"அது... கேபிள் உண்டு மேடம்."

போனை வைத்துவிட்டு ஜோகி சாரைப் பார்த்தேன். "ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். நடுவட்டம் இறக்கத்தில் பிடித்த மழை தேவாலா வரை விடவில்லை. பாறைக்காட்டு பேக்டரி ஆபீஸுக்குள் நுழைந்தால், சுவரில் ஓர் ஆணி. ஆணியில் வர்கீஸ் சாரின் குடை. குடை மேல் அழகாகச் சுருட்டி மாட்டிய நெட்வொர்க் கேபிள்.

"என்ன சார் இது?" என்றேன்.

"மேடம், சந்தியா ஆனா அது தன்னால ஓடுது. ஞான் பாத்தேன். விளக்கு மின்னி மின்னி என் பெட்டியில இருந்து எந்தோ போகுது. எங்கேன்னு பாத்தா நீரோடைக்கு! அந்த முத்துலிங்கத்துக்கு! எதுக்கு?"

"அது சாப்ட்வேர் சார். கம்பெனியோடது."

"என் பெட்டிக்குள்ள இருந்து தானே போகுது? இதுல என்ட நேரமெல்லாம் எழுதி வெச்சிட்டுண்டு."

"உங்க நேரம் நீரோடைக்குப் போகாதுங்க. சாப்ட்வேர் மட்டுந்தான் போகும்."

"சரி. அவருக்குக் கொடுத்தா எனக்குக் குறையாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜோகி சார் தொண்டையைச் செருமினார். "குறையாதுங்க வர்கீஸ். நானும் இதைக் கேட்டவந்தான். கொடுத்தாலும் இங்கயே இருக்கும். அது அப்படித்தான், கேக்காதீங்க" என்றார். என் தொண்டை கட்டியதற்குப் பலன் அன்று கிடைத்தது.

வர்கீஸ் சார் மனசே இல்லாமல் ஆணிப் பக்கம் கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்து ஓர் இடி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, விளக்கு போயிற்று, கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து கருகல் வாடை வந்தது. நெட்வொர்க் கேபிளை ஒழுங்காகப் பிடுங்கி மாட்டிய மனிதர் கரண்ட் பிளக்கைப் பிடுங்கவில்லை. மின்னல் அந்த வழியாக வந்து எல்லாவற்றையும் எரித்துவிட்டது.

"ஈசோயே!" என்று தலையில் கை வைத்தார் வர்கீஸ் சார்.

கரண்ட் திரும்பி வந்தது. பீரோவிலிருந்த பழைய கம்ப்யூட்டரை எடுத்து வைத்தேன். அதில் இருந்தது பழைய சாப்ட்வேர். பரவாயில்லை, குன்னூரிலிருந்து இழுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் லைன் செத்துக் கிடந்தது. நாங்கள் வந்த வழியில் கூடலூருக்கு மேலே மண் சரிந்து ரோட்டையும் கேபிளையும் ஒன்றாகக் கொண்டுபோய்விட்டது என்று ஜீப் டிரைவர் வந்து சொன்னார். யாராவது பென் டிரைவில் போட்டு வேறு வழியாகக் கொண்டு வரலாமா? வாய் அடைத்த மெஷினில் எங்கே செருகுவது? பசை வைக்கச் சொன்னவர் என் பக்கத்திலேயே நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குள் கவாத்துக் கத்திகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன.

"எங்கம்மா நிக்குது இப்ப?" என்றார் ஜோகி சார்.

"நீரோடையில முக்கால் இருக்குதுங்க சார். கால் இல்லை."

"கால் எங்க?"

"தெரியலைங்க."

நீரோடைக்கு ஜீப்பைத் திருப்பினோம். வர்கீஸ் சாரும் ஏறிக்கொண்டார். திங்கட்கிழமை டைரக்டர் முதலில் வந்து நிற்கப்போவது அவர் பேக்டரியில்தானே. வழி முழுக்க குடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

முத்துலிங்கம் சார் வாசலிலேயே நின்றார். "வாங்க மேடம், வாங்க சார். முக்கால் எங்ககிட்ட பத்திரமா இருக்கு. கால அந்தா அவரு முழுங்கிட்டாரு, அவரையே கேளுங்க" என்றார்.

நான் இரண்டு பேரையும் கவனிக்காமல் மெஷினில் உட்கார்ந்தேன். எந்தத் துண்டு யாரிடம் கடைசியாகப் போயிற்று என்று அது காட்டும். வர்கீஸ் சார் கேபிளைப் பிடுங்குவதற்குச் சற்று முன்னால், மிச்சமிருந்த துண்டுகளை நீரோடையில் வேறு ஒரு மெஷின் வாங்கியிருந்தது. ஆபீஸ் மெஷினுக்கு அது கைமாற்றுவதற்குள் யாரோ அதை அணைத்திருக்கிறார்கள். மெஷினின் பெயர் 'பழைய ஆபீஸ்'.

"இது எது சார்?"

"அதுவா? பழசாப் போச்சுன்னு பிள்ளைக் காம்பராவுக்குக் குடுத்துட்டோமே. பிள்ளைங்க பொம்மைப்படம் பாக்குதுக."

பிள்ளைக் காம்பராவுக்கு ஓடினேன். வாசலில் ஆயா ராசம்மா வாயில் விரலை வைத்து மறித்தார். உள்ளே தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போயிருக்க, குழந்தைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. மூலையில் பிளாஸ்டிக் தாளுக்குள் கம்ப்யூட்டர். கூரை ஒழுகியதால் அணைத்து மூடி வைத்துவிட்டாராம்.

"அம்மா, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் போடணும்."

"இப்பத்தான் தூங்குதுக. அது ஓடுனா உர்ருனு சத்தம். அம்புட்டும் எந்திரிச்சிரும். தொரையே வந்தாலும் இப்பப் போட விடமாட்டேன்."

"ரொம்ப அவசரமுங்க."

"அவசரம்னா நீங்க தூங்க வைப்பீங்களா?"

ஜோகி சார் முன்னால் வந்தார். "எப்ப எந்திரிக்கும்மா?"

"பால் வந்தா எந்திரிக்கும்."

"பாலைச் சீக்கிரம் வரச் சொல்லலாங்களா?"

"பசிக்கணும்ல சார்!"

வாசலில் குழந்தைகளுக்கான குட்டை பெஞ்சு ஒன்று இருந்தது. ஜோகி சார் அதில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்தன. ஜீப்புக்கு வெளியே அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை, அந்த நிலைமையில் இருந்தேன்.

ஒரு வழியாகப் பால் வந்தது, குழந்தைகள் எழுந்தன. பிளாஸ்டிக்கை விலக்கி ஸ்விட்சைப் போட்டேன். பெட்டி உறுமியது. ஆயாவின் வசதிக்காக யாரோ அதைப் போட்டதும் பொம்மைப்படம் தானாக ஆரம்பிக்கும்படி செய்து வைத்திருந்தார்கள். பாட்டு அதிர ஒரு யானைக்குட்டி சைக்கிளில் வந்தது. எல்லாக் குழந்தைகளும் பால் டம்ளரோடு வந்து திரையை அடைத்து உட்கார்ந்துவிட்டன. திரையின் ஓரத்தில், அப்பாடா, என் பச்சைக் கோடு மெல்ல நகர ஆரம்பித்தது. துண்டுகள் நீரோடை ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தன.

படத்தை நிறுத்தினால் கோடு வேகமாக நகரும். நிறுத்தினேன். ஒரு குழந்தை ஆரம்பித்தது, மற்றதெல்லாம் சேர்ந்துகொண்டன. "போடுங்க மேடம், போடுங்க!" என்று நான்கு பெரியவர்களும் கத்தினார்கள், ஜோகி சாரும்தான். மறுபடி போட்டேன்.

ஆகவே மெதுவாகத்தான் போனது. நடுவில் ஒரு துண்டு எண் பொருந்தாமல் நின்றது. ஈரத்தில் டிஸ்க் கெட்டிருந்தால் கதை முடிந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கேட்டது ஆபீஸ் மெஷின். மறுபடியும் பொருந்தவில்லை. மூன்றாவது தடவை பொருந்தியது. நான் பக்கத்திலிருந்த குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்தேன், அது பாலை என் புடவையில் கொட்டியது.

திரும்பிப் பார்த்தால் வர்கீஸ் சாரும் முத்துலிங்கம் சாரும் குழந்தைகளுக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். யானைக்குட்டி சைக்கிளோடு குளத்தில் விழுந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் ஒருவரையொருவர் பார்த்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

நீரோடை முழுதானதும் பாறைக்காட்டுக்குத் திரும்பினோம். வர்கீஸ் சார் என்னைத் தொட விடவில்லை. "வேண்டா, ஞானே போடுறேன்" என்று ஆணியிலிருந்து கேபிளை எடுத்துத் தன் கையாலேயே செருகினார். பள்ளத்தைத் தாண்டி ஆன்டெனா வழியாகத் துண்டுகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்று பக்கத்தில் காட்டியது. வர்கீஸ் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். நீரோடை ஆபீஸ். நீரோடை ஆபீஸ். பழைய ஆபீஸ். நீரோடை ஆபீஸ்.

"குன்னூர்ல இருந்து ஒண்ணும் இல்லே?"

"லைனே இல்லைங்களே சார்."

"அப்போ இது முழுக்க முத்துலிங்கம் கொடுத்ததா?"

"ஆமாங்க."

கண்ணாடியைக் கழற்றினார். "அவருக்குத் திரும்பக் கொடுக்கணுமா மேடம்?"

"வேண்டாங்க சார். அவருகிட்ட இருக்கறது அப்படியே இருக்குது."

தலையாட்டினார். ஆனால் அது சரியென்று அவருக்குப் படவில்லை. வாங்கினால் திருப்பிக் கொடுத்தே பழகிய மனிதர்.

திங்கட்கிழமை டைரக்டர் வயநாடு சுற்றி வந்து சேர்ந்தார், பெங்களூர்க்காரர்கள் பின்னால் வாந்தி எடுத்த முகத்தோடு வந்தார்கள். "எல்லா இடத்துக்கும் வந்துருச்சா?" என்றார் டைரக்டர். "வந்துருச்சுங்க" என்றார் ஜோகி சார். லைன் அறுந்து கிடக்கும்போது எங்கிருந்து வந்தது என்று பெங்களூர்க்காரர் கேட்டார். "பிள்ளைக் காம்பராவுல இருந்துங்க" என்று சொல்லிவிட்டு ஜோகி சார் ஜன்னலை மறைத்து நின்றுகொண்டார். அவர்கள் அதை எந்தப் புதுத் தொழில்நுட்பம் என்று நினைத்தார்களோ, குறித்துக்கொண்டு போனார்கள். என் செக்ஷனை மூடும் பேச்சு அதோடு நின்றது. ஓய்வு பெறும் வரை ஒரு சாக்குகூட நான் எண்ணவில்லை.

மழைக்காலம் முடிந்து, ஜோகி சாரோடு மறுபடி அந்தப் பக்கம் போனேன். பாறைக்காட்டு பேக்டரியில் முத்துலிங்கம் சார் டீ குடித்துக்கொண்டிருந்தார். வர்கீஸ் சார்தான் வரச் சொன்னாராம். புளிக்க வைக்கும் அறைக்குள் எல்லோரும் போனோம். கரும்பலகையில் நேரம் எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வர்கீஸ் சார் என் பக்கம் திரும்பவே இல்லை. முத்துலிங்கம் சாரை மட்டும் பார்த்துக்கொண்டு, பரீட்சை எழுதிக் கொடுத்த பையன் மாதிரி நின்றார்.

முத்துலிங்கம் சார் பலகையைப் பார்த்தார். "ம்" என்றார். டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அவரை எங்கள் ஜீப்பிலேயே நீரோடையில் இறக்கிவிட்டோம். ஏறியதிலிருந்து சிரிப்பு. "பாத்தீங்களா மேடம் அந்த நேரத்த? அம்புட்டும் பொய். அழிச்சுட்டு எழுத வேற எதுவும் தோணல போல அவருக்கு. எங்கிட்டயா!"

"ஒரு தடவை அந்த நேரத்தைப் போட்டுத்தான் பாருங்களேன் சார்" என்றேன்.

"நீங்களும் அவரு கட்சியாயிட்டீங்களா?" என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

ஜீப் திரும்பியது. ஜோகி சார் முன் சீட்டிலிருந்து மெல்லக் கேட்டார். "நெசமாம்மா அது?"

"நெசமுங்க சார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேக்டரி ரிப்போர்ட்டு தினம் குன்னூருக்கு வருதுங்களே. வர்கீஸ் சாரோட நேரம் எத்தனையோ வருசமா எங்கிட்டத்தான் இருக்குது. நான் யாருக்கும் சொன்னதில்லைங்க."

"அவருக்குத் தெரியுமா அது?"

"தெரிஞ்சா குன்னூர்க் கேபிளையும் பிடுங்கியிருப்பாருங்க."

ஜோகி சார் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு அடங்கி, ரொம்ப தூரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஆக, வர்கீஸ் அனுப்பிட்டாரு" என்றார்.

"அனுப்பிட்டாருங்க."

"முத்துலிங்கத்துக்கு வந்துருச்சா?"

"வரலைங்க சார்."

ஜீப் தேவாலா பஜாரைத் தாண்டியது. அவர் தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"வரும்மா," என்றார் ஜோகி சார். "வரும்."